காலேஜ் டீமுக்குப் பந்தைக் கொடுக்காத சாயங்காலம்

அந்தக் காலேஜ் டீமிடம் தோற்றுவிட்டு வந்த எவனும், "அவனுங்க நல்லா ஆடினானுங்க" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "நாங்கதான் சொதப்பிட்டோம்" என்பார்கள். மறு வருஷமும் தோற்றுவிட்டு வந்து அதையே சொல்வார்கள்.

அவர்கள் ஆடும் பாஸ்கெட் பால் அப்படி. பந்து கையில் வந்துவிட்டால் கூடைக்கு அடிக்க அவசரமே கிடையாது. ஆளுக்கொரு இடத்தில் நின்று, இவன் அவனுக்கு, அவன் இன்னொருத்தனுக்கு, திரும்ப இவனுக்கு என்று கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டைச் சுற்றி விடுகிற மாதிரி பந்தைச் சுற்ற விடுவார்கள். பார்க்கிற ஜனம் விசிலடிக்கும், ஏசும். எதிர் டீம்காரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு கட்டத்தில் பறிக்கப் பாய்வான். அவன் விட்டுவிட்டு வந்த இடத்துக்குள் ஒருத்தன் கடைக்குப் போகிறவன் மாதிரி நடந்துபோய்ப் பந்தைக் கூடையில் போட்டுவிட்டு வருவான். நம் கையில் பந்து வந்தாலோ, ஐந்து பேரும் தங்கள் கூடைக்கு அடியில் போய்க் கையை விரித்து நிற்பார்கள், தாதர் ஸ்டேஷனில் சாயங்கால லோக்கல் ரயிலின் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறவர்களைப் போல. உள்ளே நுழைய வழியே இருக்காது. தூரத்தில் இருந்து அடித்துப் பார்க்க வேண்டியதுதான். அப்படி அடிப்பதில் பாதிக்கு மேல் வீணாகும்.

முப்பது செகண்டுக்குள் கூடைக்கு அடித்தாக வேண்டும் என்ற சட்டம் அப்போதே உண்டு. ஆனால் பம்பாய் மாட்டுங்காவில் வருஷா வருஷம் நடக்கும் அந்த டோர்னமெண்டில் அதைப் பார்ப்பதில்லை. "அதுக்குத் தனியா கடிகாரம் வேணும், தனியா ஆள் வேணும், எதுக்கு?" என்று கமிட்டியில் சொல்லி நிறுத்தி வைத்தவர் அந்தக் காலேஜ் டீமின் கோச். காலேஜில் பாடம் எடுக்கிறவர். நெற்றியில் விபூதி, கழுத்தில் விசில்.

எங்கள் டீம் தாராவி. டீம் என்று சொன்னால் சிரிப்பு வரும். தோல் குடோன் ஒன்றின் பின்பக்கச் சுவரில் வெல்டிங் கடையில் செய்து அடித்த ஓர் இரும்பு வளையம், அதுதான் எங்கள் மைதானம். குடோன் முதலாளியின் மகன் எங்களோடு படித்தவன், ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். எங்களுக்கு அவன் நெட்டை. பந்தும் அவனுடையது. கேப்டன் பஸ் டிப்போவில் மெக்கானிக், எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர். மற்ற இரண்டு பேரும் அண்ணன் தம்பிகள், ஆண்டாப் ஹில்லில் இருந்து நடந்து வருவார்கள். ஐந்தாவது ஆள் நான்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அண்ணனின் பர்ஸ் பட்டறையில் தோலின் ஓரத்தைக் கத்தியால் சீவி மெலிதாக்குவது என் வேலை. பூட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். இழுத்துப் பார்த்தது சரியாகத்தான் பார்த்தேனா என்று பாதி வழியில் நிற்கிற ரகமும்கூட. ஆட்டத்திலும் அப்படித்தான். பந்து கையில் வந்தால், இவனுக்குக் கொடுத்தால் யார் குறுக்கே வருவான், அவனுக்குக் கொடுத்தால் நழுவிவிடுமோ என்று எல்லாக் கெட்டதையும் ஒரு தடவை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். "மாப்ளே, ஒன் கையில பந்து வந்தா அது பென்ஷன் வாங்கிட்டுத்தான் வெளிய வரும்" என்பான் நெட்டை.

அந்த வருஷம் எனக்கு ஒரு பெரிய பயம் வந்து சேர்ந்தது. அண்ணனுக்கு ஆர்டர் குறைந்துகொண்டே வந்தது. மதினிக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கப் போகிறது. "பொங்கலுக்குப் பொறவு நீ ஒனக்குன்னு ஒண்ணு பாத்துக்கிடணும்லே, கோவிச்சுக்கிடாத" என்று அண்ணன் நேராகவே சொல்லிவிட்டான். எனக்குக் கோபம் இல்லை. எட்டாவது படித்தவனுக்கு பம்பாயில் என்னத்தைப் பார்ப்பது?

அப்போதுதான் கேப்டன் சேதி கொண்டுவந்தார். செம்பூரில் ஒரு பெரிய ஃபேக்டரி புதிதாக பாஸ்கெட் பால் டீம் சேர்க்கிறது. அதன் ஆபீசர் மாட்டுங்கா டோர்னமெண்டைப் பார்க்க வருகிறார். ஃபைனலில் ஜெயிக்கிற டீமில் இருந்து ஒருத்தனை எடுத்துக்கொள்வார். வேலை நிரந்தரம். சாயங்காலம் ஆட்டம், பகலில் வேலை.

"ஜெயிச்சா நெட்டையத்தான் எடுப்பாரு" என்றேன். பார்த்தால் யாருக்கும் அதுதானே தோன்றும்.

"நானா? நான் செம்பூருக்குப் போனா எங்க வாப்பா என் தோலை உரிச்சு மாடியில காயப் போட்டுருவாரு" என்றான் நெட்டை. "எனக்கு குடோன் இருக்கு. கேப்டனுக்கு டிப்போ இருக்கு. இவனுக ரெண்டு பேரும் தனித்தனியா எங்கயும் போக மாட்டானுக. ஒனக்குத்தாம்ல இது. மொதல்ல ஜெயிக்கணும், அது வேற."

அது வேறுதான். ஏனென்றால் லீக் ஆட்டத்தில் அந்தக் காலேஜ் எங்களை ஏற்கெனவே ஒரு பாயிண்டில் தோற்கடித்திருந்தது. அந்தத் தோல்வியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்களுக்கு இருந்தது ஒரே வளையம். யார் அடித்துத் தவறினாலும், யார் பந்தைப் பிடித்தாலும், அதே வளையத்தில்தான் திரும்பப் போட வேண்டும். மாட்டுங்கா கோர்ட்டில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எதிராளி அடித்துத் தவறிய பந்தை நெட்டை எங்கள் கூடைக்கு அடியில் அழகாக எம்பிப் பிடித்தான். பிடித்த வேகத்திலேயே அழகாக அதே கூடையில் போட்டான். இரண்டு பாயிண்ட், காலேஜுக்கு. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான்.

கோர்ட்டே உருண்டு புரண்டு சிரித்தது. காலேஜ் கேப்டன் நெட்டையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "ரொம்ப தேங்க்ஸ் பாய், நாளைக்கும் வருவேளா?" என்றான். இன்னொருத்தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "டேய், பந்தைக் கழுவிட்டுக் குடுக்கச் சொல்லுடா. தோல் நாத்தம்" என்றான்.

"பந்தே தோல்தாம்லே. ஒங்க காலேஜ்ல அதையும் சொல்லித் தரலியா?" என்று நெட்டை திருப்பிக் கொடுத்தான். ஆனாலும் வருகிற வழி முழுக்க எங்களுக்கு முன்னால் தனியாக நடந்தான்.

மற்ற டீம்களை ஜெயித்துத் தட்டுத்தடுமாறி ஃபைனலுக்கு வந்துவிட்டோம். எதிரே அதே காலேஜ். தோலைச் சீவும்போது இரண்டு துண்டை ஒரேயடியாக அறுத்துவிட்டு அண்ணனிடம் ஏச்சு வாங்கினேன். எப்படியெல்லாம் தோற்போம் என்று நினைத்து நினைத்துப் பார்த்ததில், ஒரு தோல்விகூட அவர்கள் அடித்த அடியால் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. எல்லாமே நாங்கள் பொறுமை இழந்து வருகிற தோல்விதான்.

ஃபைனலுக்கு இரண்டு நாள் முன்னால் சுவரடியில் ஆடிக்கொண்டிருந்தோம். எங்கள் சுவரில் ஒரு வழக்கம். கூடை போட்டவனுக்கே திரும்பப் பந்து. எதிராளி பந்தைத் தொட வேண்டும் என்றால் பறித்துத்தான் தொட வேண்டும். பறிக்காவிட்டால் சாயங்காலம் முழுக்க வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அன்றைக்கு ஆண்டாப் ஹில் சகோதரர்கள் முன்னால் இருந்தார்கள். அவர்கள் பந்தை வைத்துக்கொண்டு நிதானமாக நின்றார்கள். நானும் நெட்டையும் விழுந்தடித்துக்கொண்டு அவர்களைத் தேடிப் போனோம். நாங்கள் விட்டுவிட்டு வந்த இடத்துக்குள் தம்பி நுழைந்து, போட்டுவிட்டுப் போனான்.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னலே, பேயறைஞ்சாப்பல நிக்கே?" என்றார் கேப்டன்.

"கேப்டன், அவனுக எப்பவுமே முன்னால இருந்துட்டுத்தான் மெதுவா ஆடுறானுக. பின்னால போயிட்டா என்ன செய்வானுக?"

"என்ன செய்வானுக?"

"தெரியாது. யாரும் பாத்ததில்லயே. ஒரே ஒரு பாயிண்ட் நம்ம முன்னால போயிட்டா, பந்தைக் குடுக்கவே வேண்டாம். நம்ம சுவத்துல செய்யற மாதிரியே வச்சுக்கிட்டு நிப்போம். முப்பது செகண்ட் சட்டமும் கெடையாது. அவனுக கூடையை விட்டு வெளிய வந்துதானே ஆகணும்?"

கேப்டன் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "அந்த ஒரு பாயிண்ட் முன்னால போறதுக்கு?"

அதையும் நினைத்து வைத்திருந்தேன். அவர்கள் போய்க் கையை விரித்து நிற்பதற்குள் நாங்கள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். நெட்டை பந்தைப் பிடித்ததும் பார்க்காமல் முன்னால் எறிய வேண்டும், கேப்டன் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அப்புறம், நாங்கள் ஒரு கூடை போட்டால் உடனே திரும்பி ஓடக்கூடாது. அங்கேயே நின்று அவர்கள் பந்தை உள்ளே எறியும்போது பறிக்க வேண்டும். எல்லா டீமும் கூடை போட்டதும் பின்னால் ஓடும். ஒரே வளையத்தில் ஆடிய எங்களுக்குப் பின்னால் ஓடிப் பழக்கமே இல்லை.

"பயந்து பயந்தே ஒரு பிளான் போட்டுட்டியேலே" என்றார் கேப்டன். நெட்டையின் பக்கம் திரும்பி, "நீ மட்டும் எந்தக் கூடை நம்ம கூடைன்னு ஞாபகம் வச்சுக்க" என்றார்.

"அதையே சொல்லிச் சாவடிங்க."

ஃபைனல் அன்று தாராவியில் பாதி ஜனம் மாட்டுங்காவுக்கு நடந்தே வந்துவிட்டது. அண்ணன் பட்டறையை மத்தியானமே பூட்டிவிட்டு வந்திருந்தான். மறுபக்கம் மாட்டுங்காக்காரர்கள், சலவைச் சட்டையும் கையில் வேர்க்கடலைப் பொட்டலமுமாக. ஸ்கோர் எழுதும் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் செம்பூர் ஆபீசர். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் யாரைப் பார்க்கிறார் என்று தெரியவில்லை.

முதல் பாதி எங்களுக்குச் சரியாக அமையவில்லை. கேப்டன் இரண்டு தடவை தனியாக ஓடிப்போயும் தவறவிட்டார். அவர்கள் வெற்றிலைத் தட்டைச் சுற்ற விட்டார்கள். ஆண்டாப் ஹில் தம்பி பொறுக்க மாட்டாமல் ஒரு தடவை பாய்ந்துவிட்டான், உடனே இரண்டு பாயிண்ட் போனது. பாதியில் அவர்கள் பதினைந்து, நாங்கள் பதினொன்று. எலுமிச்சம்பழத் துண்டைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பழம் என் கையில் இருந்து நழுவிக் கீழே விழுந்தது. நெட்டை அதை எடுத்துத் துடைத்துத் தானே சப்பிக்கொண்டான்.

இரண்டாம் பாதி தொடங்கியதும் இன்னொரு கூடை போட்டுப் பதினேழு ஆக்கினார்கள். போச்சு என்று நினைத்தேன். அடுத்து அவர்கள் அடித்தது தவறியது. நெட்டை பிடித்தான். ஒரு நொடி அந்தக் கூடையை நிமிர்ந்து பார்த்தான். மொத்த தாராவியும் "எலேய்!" என்று கத்தியது. திரும்பி ஒரே எறி. கேப்டன் அந்தப் பக்கக் கூடைக்கு முன்னால் தனியாக நின்றிருந்தார். இந்தத் தடவை தவறவில்லை.

நாங்கள் திரும்பி ஓடவில்லை. காலேஜ்காரன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் எதிரே யாரும் இருக்க மாட்டார்கள் என்று அசால்ட்டாக உள்ளே எறிந்தான். ஆண்டாப் ஹில் அண்ணன் அதைப் பாதி வழியிலேயே பிடித்துப் போட்டுவிட்டான். காலேஜ்காரன் எறிந்த கையோடு அப்படியே நின்றான். பாவம், அவனுக்கு அந்த மாதிரி ஒன்று நடந்ததே இல்லை.

நடுவில் அவர்களுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. பிறகு நெட்டை ஒன்று. பதினெட்டு, பதினேழு. அடுத்த பந்தையும் பறித்தோம். அது எப்படியோ என் கைக்கு வந்தது. முன்னால் யாரும் இல்லை. யோசிக்க நேரம் இருந்திருந்தால் தவறியிருக்கும். போட்டுவிட்டேன். பத்தொன்பது, பதினெட்டு. அந்த டோர்னமெண்டில் அவர்களை முந்தி யாராவது நின்றதைப் பார்த்தவர்கள் அங்கே அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

அவர்கள் அடித்த அடுத்தது தவறியது. நெட்டை பிடித்து என்னிடம் கொடுத்தான். ஆட்டம் முடிய நிறைய நேரம் இருந்தது. நான் நடுக்கோட்டைத் தாண்டிப் போய் நின்றேன்.

எதிரே ஐந்து பேரும் கூடைக்கு அடியில் கையை விரித்து நின்றார்கள். வா, அடி என்கிற மாதிரி. நான் அடிக்கவில்லை. பந்தைத் தரையில் தட்டினேன். கேப்டனிடம் கொடுத்தேன், திரும்ப வாங்கினேன். அவர்கள் வரவில்லை. நானும் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் எங்கள் ஜனத்துக்கே தாங்கவில்லை. "போடுலே! என்னத்த நின்னுக்கிட்டிருக்க?" "பந்தைத் தட்டத்தான் இம்புட்டு தூரம் வந்தியா?" எல்லாருக்கும் மேலே அண்ணனின் குரல்: "போடுலே சவமே! கூடை அங்ஙன இருக்கு!" என்ன சொல்வது? என் அண்ணன் என்னைத் தோற்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

காலேஜ் கேப்டன் அங்கிருந்தே, "என்னடா, பந்து முட்டை போடும்னு காத்திண்டிருக்கியா?" என்றான்.

எனக்குப் பயம் இருந்தது. ஆனால் அவசரம் மட்டும் துளியும் இல்லை. அடித்தால் தவறுமோ என்று பயப்படுகிறவனுக்கு அடிக்காமல் நிற்பதைப் போல நிம்மதி வேறு உண்டா? பிறந்ததில் இருந்து இதற்காகத்தான் பழகிக்கொண்டிருந்தேன் போல இருந்தது.

கோச் எழுந்து மேஜைக்கு ஓடினார். "முப்பது செகண்ட் ரூல் இருக்கே! இது என்ன ஆட்டம்? அநியாயம்!"

அம்பயர் அவரைப் பார்த்து, "சார், அந்த ரூல் இங்க வேண்டாம்னு சொன்னதே நீங்கதானே" என்றார். மேஜைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரிப்பை அடக்கத்தான். செம்பூர் ஆபீசர் அடக்கவில்லை, வாய்விட்டுச் சிரித்தார்.

கோச் திரும்பி வந்து, "வெளியே போங்கோடா! போய்ப் பிடுங்குங்கோ!" என்று கத்தினார்.

வந்தார்கள். வந்ததைப் பார்க்க வேண்டுமே. வாசலை அடைத்தே பழகிய உடம்பு, துரத்தத் தெரியவில்லை. இரண்டு பேர் ஒரே ஆளைப் பிடிக்க ஓடி முட்டிக்கொண்டார்கள். அவர்களின் பெரிய ஆள் கூடைக்கு அடியை விட்டு மூன்றடி முன்னால் வந்தான். பின்னால் நெட்டை தனியாக நின்றான். நான் அவனுக்குக் கொடுத்தேன். இருபத்தொன்று. அடுத்த தடவையும் அதே மாதிரி வந்தார்கள், அதே மாதிரி கொடுத்தேன். இருபத்துமூன்று. இப்போது அவர்கள்தான் தூரத்தில் இருந்து அவசரம் அவசரமாக அடித்தார்கள். ஒன்று விழுந்தது, மற்றதெல்லாம் வீண். கடைசியில் காலேஜ் கேப்டன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்து விழுந்தது. இரண்டாவது எதிலும் படாமல் விழுந்தது.

இருபத்தைந்து, இருபது.

விசில் ஊதியதும் எங்கள் ஆட்கள் கோர்ட்டுக்குள் பாய்ந்தார்கள். நெட்டையை நாலு பேர் தூக்கப் பார்த்து முடியாமல் கீழே போட்டார்கள். காலேஜ் கேப்டன் வந்து என் கையைப் பிடித்தான். "எங்க ஆட்டத்தையே எங்ககிட்ட ஆடிட்டியேடா" என்றான். கிண்டல் இல்லை. நான் என் கையை முகர்ந்து காட்டி, "நாத்தம் ஒட்டிக்கிடும், பாத்து" என்றேன். அவன் முகம் சிவந்துபோய்ச் சிரித்தான். எனக்கே ஆச்சரியம், அப்படிப் பேசியது நானா என்று.

செம்பூர் ஆபீசர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். நான் நெட்டையைப் பிடித்து முன்னால் தள்ளினேன். "நீ இல்லப்பா, பின்னால இருக்கானே, அவன்" என்றார்.

போய் நின்றேன்.

"செகண்ட் ஹாஃப்ல உன் கையிலிருந்து எத்தனை பந்து போச்சு?"

"ஒண்ணும் போகல சார்." சொன்னதும் பயம் பிடித்துக்கொண்டது. "ஒண்ணு கால்ல பட்டு வெளிய போச்சு சார். அது எங்க ஆள் கால்தான். இல்ல, என் காலா இருக்குமோ..."

"போதும் போதும்." கண்ணாடியைக் கழற்றினார். "கூடை போடறவன் எனக்கு நிறைய இருக்கான். பந்தைத் தொலைக்காதவன்தான் இல்லை. என்ன படிச்சிருக்கே?"

இதைத்தான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன். கேப்டன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் நானே, "எட்டாவது சார்" என்றேன்.

"பாஸா?"

"பாஸ் சார்."

"திங்கட்கிழமை காலையில ஃபேக்டரி கேட்டுக்கு வந்துடு."

அவர் போன பிறகுதான், எந்த கேட் என்று கேட்கவில்லையே என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் தாங்க முடியாமல், "நானும் வாறேம்லே, எத்தனை கேட் இருந்தாலும் பாத்துருவோம்" என்று கிளம்பிவிட்டான். மதினி இரண்டு பேருக்கும் டப்பாவில் இட்லி வைத்துக் கொடுத்தாள்.

மூன்று கேட் இருந்தது. முதல் இரண்டிலும் எங்களை விரட்டினார்கள். மூன்றாவது கேட்டில் பெரிய மீசை வைத்த வாட்ச்மேன், "க்யா மாங்தா?" என்று வந்த காரியத்தைக் கேட்டான். அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி, "ஏ மேரா தம்பி ஹை. காலேஜ் கோ ஹராயா" என்று நான் காலேஜைத் தோற்கடித்ததைச் சொன்னான். தம்பி என்றால் என்ன என்று வாட்ச்மேனுக்குப் புரிந்ததோ என்னவோ, ஓரமாக நிற்கச் சொன்னான். சற்று நேரத்தில் ஆபீசர் ஸ்கூட்டரில் வந்தார். என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தாமலே, "வா உள்ளே" என்று தலையை அசைத்தார். வாட்ச்மேன் சின்னக் கதவைத் திறந்துவிட்டான்.

உள்ளே பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் போகவில்லை. வாட்ச்மேனுக்கும் பக்கத்தில் நின்ற வாழைப்பழக்காரனுக்கும் பாதித் தமிழும் பாதி ஹிந்தியுமாக ஃபைனலைச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஆட்டத்தில் நான் போட்டது ஒரே ஒரு கூடையும் இரண்டு ஃப்ரீ த்ரோவும். அண்ணன் சொன்ன ஆட்டத்தில் நான் தனியாளாக மொத்தக் காலேஜையும் அடித்துக்கொண்டிருந்தேன். தான் அன்றைக்கு என்ன கத்தினான் என்பதையும் மாற்றிவிட்டான். "மைனே போலா, பந்தைக் குடுக்காதலே, பக்கட்கே ரகோ!" என்று பந்தை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி கையைக் காட்டினான்.

திரும்பிப் போய்த் திருத்தலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஃபேக்டரிச் சங்கு ஊதியது. நான் உள்ளே நடந்தேன்.